வேலைக்கும் போகணும், கண்மாய்க்கரையும் ஏறணும்: காரைக்குடிப் பக்கம் கம்மி விலை எம்டிபி (மவுன்டன் பைக்) சைக்கிள் வாங்க முழு வழிகாட்டி

சைக்கிள் வாங்கப் போற ஆளுக்குத் துணைக்குப் போற வேலை எப்படியோ எங்கிட்ட வந்து சேந்துருச்சு. நானே மொதத் தடவை ஏமாந்தவன்தான். முன்னாடியும் ஷாக்கு, பின்னாடியும் ஷாக்கு, ரத்தச் செவப்புக் கலரு, பாக்க மோட்டார் பைக் மாதிரி இருந்துச்சு. கோட்டையூர்லேருந்து காரைக்குடிக்கு அதுல மிதிச்சா நான் மிதிக்கிற மிதியில பாதி அந்தப் பின் ஷாக்கு அமுங்கி எந்திரிக்கவே சரியாப் போயிரும், ஆறு மாசத்துல முகப்புல சாத்தி வச்சேன், துணி காயப்போட ஆச்சு.

அதுக்கப்புறம் பத்துப் பன்னண்டு பேருக்கு வண்டி பாத்துக் குடுத்தாச்சு. எல்லாரும் தடுக்கி விழுறது ஒரே எடத்துலதான். கலர் பாக்குறாங்க, அப்புறம் ஷாக்கு, அப்புறம் எத்தனை கியரு, அப்புறம் வெல, எல்லாம் முடிஞ்சு பில்லு போடுறப்பதான் சைஸு ஞாபகம் வருது. இந்த வரிசையை அப்படியே தலைகீழாக் கவுத்துப் போடணும். கீழ இருக்குறது அந்த வரிசைதான், இடையில தாவாம படிங்க.

1. கடைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

தையல் டேப் ஒண்ணு, கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒண்ணு, பேப்பர் பேனா, அப்புறம் ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருப்போமே காந்தம், அதுல ஒண்ணு. காந்தம் எதுக்குன்னு அப்புறம் சொல்றேன், சிரிக்காதீங்க.

இன்னொண்ணு, நீங்க தெனம் வேலைக்குப் போடுற செருப்பு இல்லன்னா ஷூவைப் போட்டுக்கிட்டுப் போங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் குடும்பத்தோட போகாதீங்க. கூட்டத்துல கடைக்காரர் பத்து நிமிஷம் ஓட்டிப் பாக்க விடமாட்டாரு, வீட்டுப் பிள்ளைங்க கலரை முடிவு பண்ணிருவாங்க.

2. மொதல்ல ரோட்டை எழுதுங்க

பேப்பர்ல ஒரு வாரத்துக்கு எங்கெங்க ஓட்டுவீங்கன்னு எழுதுங்க. ஆசைப்படுறத இல்ல, நெசமா ஓட்டப் போறத. உதாரணத்துக்கு, பள்ளத்தூர்ல வீடு, காரைக்குடியில வேலைன்னா வாரத்துல ஆறு நாளு தார் ரோடு. ஞாயித்துக்கெழம காலையில கண்மாய்க்கரை, தைலமரக்காட்டு வண்டிப்பாதை, இல்லன்னா குன்றக்குடி வரைக்கும் போயிட்டு செம்மண் பாதையில திரும்புறது. கணக்குப் போட்டா பத்துல எட்டுப் பங்கு தாரு, ரெண்டு பங்குதான் மண்ணு.

இத ஏன் மொதல்ல எழுதச் சொல்றேன்னா, வண்டியை அந்த எட்டுப் பங்குக்கு வாங்கணும், மிச்ச ரெண்டு பங்கை டயரு பாத்துக்கும். நம்ம பக்கம் இருக்குறது இமயமலை இல்ல. செம்மண்ணு, காலுக்கடியில உருளுற சரளை, மழைக்கு அப்புறம் மாட்டுக் கொளம்பு பதிஞ்சு காஞ்சு கல்லாட்டம் நிக்கிற கரை, அங்கங்க செம்பாறை. இதுக்கு முன் சக்கரத்துல 80 மில்லிமீட்டர் இல்லன்னா 100 மில்லிமீட்டர் அமுங்குற ஷாக்கே தாராளம், ஷாக்கே இல்லாம தடி டயரு போட்டு ஓட்டுற ஆளுகளும் இருக்காக. பிரான்மலை அடிவாரத்துல சுத்தலாம், மேல ஏற சைக்கிள் வேணாம், அது கால் நடை எடம். அப்புறம் வனத்துறை எடம்னு போர்டு இருந்தா கேக்காம உள்ள விடாதீங்க.

எழுதுற பேப்பர்லயே இன்னொரு வரி: வண்டியை ராத்திரி எங்க வைப்பீங்க? நம்ம பழைய வீடுகளுக்கு ரோட்லேருந்து திண்ணைக்கு நாலஞ்சு படி. தெனம் ரெண்டு தடவை வண்டியைத் தூக்கி ஏத்தி எறக்கணும். 18 கிலோ வண்டிக்கும் 14 கிலோ வண்டிக்கும் உள்ள வித்தியாசம் ரோட்டுல தெரியுறத விட அந்தப் படியிலதான் தெரியும். உள்ள வைக்கிறதா இருந்தா ஸ்டாண்டு காலுக்கு ரப்பர் குப்பி மாட்டிக்கங்க, ஆத்தங்குடிக் கல்லுல கீறல் விழுந்துச்சுன்னா எங்க ஆயா மாதிரி ஆளுக இருக்குற வீட்டுல வண்டி திரும்ப ரோட்டுக்குத்தான் போகும்.

3. கால் அளவை எடுங்க

செவுத்துல முதுகை ஒட்டி, காலை ஒரு சாண் அகட்டி நில்லுங்க. அட்டைப் புத்தகத்தை ரெண்டு தொடைக்கும் நடுவுல வச்சு, சீட்டுல உக்காந்தா எப்படி அமுக்குமோ அந்த அளவுக்கு மேல இழுத்துப் புடிங்க. புத்தகத்தோட மேல் விளிம்புலேருந்து தரை வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர்னு வேற ஆளை விட்டு அளக்கச் சொல்லுங்க. தானே குனிஞ்சு அளந்தா ரெண்டு சென்டிமீட்டர் தப்பாப் போகும்.

அந்த நம்பரை 0.226-ஆல பெருக்குனா எம்டிபி ஃப்ரேம் சைஸ் இஞ்சுல வரும். 80 சென்டிமீட்டர்னா 18. 72-ன்னா 16 கிட்ட. இது உத்தேசக் கணக்கு, கம்பெனிக்குக் கம்பெனி அரை இஞ்சு, ஒரு இஞ்சு மாறும், ஆனா கடைக்காரர் 19-அ நீட்டுறப்ப 'இது எனக்கு இல்லண்ணே'ன்னு சொல்ல உங்க கையில ஒரு நம்பர் இருக்கும்.

கடையில போய் நிக்கிறப்ப வண்டியை ரெண்டு காலுக்கு நடுவுல விட்டு நின்னு பாருங்க. மேல்பாருக்கும் உங்களுக்கும் நடுவுல குறைஞ்சது 5 சென்டிமீட்டர் எடைவெளி இருக்கணும். கண்மாய்க்கரையில சறுக்கி சட்டுன்னு காலை ஊனுறப்ப இந்த எடைவெளிதான் காப்பாத்தும், வெவரமா எழுதத் தேவையில்ல.

'வளர்ற பிள்ளை, பெருசா வாங்கிருவோம்' இதான் வீட்டுல நடக்குற பெரிய தப்பு. சட்டை வாங்குற கணக்கு இதுக்கு ஆகாது. பெரிய ஃப்ரேம்ல உக்காந்தா கை எட்டாம முதுகு வலிக்கும், பிரேக்கைப் புடிக்க வெரலு நீளாது. ரெண்டு சைஸுக்கு நடுவுல மாட்டுனீங்கன்னா, மண் பாதையில ஓட்டுறவுக சின்னதை எடுங்க, சீட்டுக் கம்பியை ஏத்திக்கலாம், ஃப்ரேமை வெட்ட முடியாது.

4. காசை ரெண்டாப் பிரிங்க

கையில 18,000 இருக்குன்னா 18,000-க்கு வண்டி பாக்காதீங்க. 3,000-லேருந்து 3,500 வரைக்கும் தனியா எடுத்து வைங்க. ஹெல்மெட், பூட்டு, முன் லைட்டு, பின்னாடி செவப்பு லைட்டு, கைப்பம்பு, ரெண்டு டியூபு, மட்கார்டு. இதெல்லாம் 'அப்புறம் வாங்கிக்கலாம்'னு விட்டவங்க யாரும் அப்புறம் வாங்கல, மொத பஞ்சர்ல வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்து செவுத்துல சாத்துனவங்கதான்.

இன்னொரு விஷயம், 2025 செப்டம்பர் 22-லேருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துலேருந்து 5-ஆ குறைஞ்சிருக்கு. பழைய வெலைச் சீட்டு ஒட்டுன வண்டின்னா இத நெனவுல வச்சுப் பேசுங்க.

ரக ரகமா பாத்தா, பத்தாயிரத்துக்குக் கீழ எம்டிபின்னு விக்கிறதெல்லாம் பெரும்பாலும் எம்டிபி சட்டை போட்ட சாதா சைக்கிள். அதுல தப்பில்ல, கியர் இல்லாத, ஷாக் இல்லாத வண்டியா எடுத்தா நல்லா ஒழைக்கும். கெட்டது எதுன்னா அந்த வெலைக்குள்ளயே ஷாக்கு, டிஸ்க்கு, 21 கியருன்னு எல்லாத்தையும் திணிச்சு வச்சிருக்குற வண்டி, எங்கயோ கைய வச்சுத்தானே அந்த வெலைக்குக் குடுக்குறாங்க? ஹப்புலயும் (சக்கரத்தோட நடுக் குடம்) பேரிங்லயும்தான் வச்சிருப்பாங்க, அது கண்ணுக்குத் தெரியாது. பன்னண்டுலேருந்து இருபதாயிரம் வரைக்கும்தான் நம்ம வேலைக்கு ஏத்த எடம். இருபத்தஞ்சுக்கு மேல ஆயில் பிரேக்கெல்லாம் வரும், காசு இருந்தா சந்தோஷம்.

ஹெர்குலஸ், மான்ட்ரா எல்லாம் முருகப்பா குரூப்பு, பள்ளத்தூர்க்காரக கம்பெனி, நம்மூரு வண்டிதான் எடுக்கணும்னு எங்க ஐயா சொல்லுவாக. டெக்கத்லான்காரன் ராக்ரைடரும் இந்த வெலைக்கு நல்லாத்தான் இருக்கு. எதை எடுத்தாலும் பேரைப் பாத்து எடுக்காம கீழ சொல்றதைப் பாத்து எடுங்க.

5. வண்டிக்கு முன்னாடி மெக்கானிக்கைத் தேடுங்க

இந்த வேலையை யாருமே செய்யுறதில்ல. உங்க ஊர்ல இல்லன்னா பக்கத்து ஊர்ல சைக்கிள் கடை அண்ணன் ஒருத்தர் இருப்பாரு, அவருக்கிட்டப் போயி மூணு கேள்வி கேளுங்க: கியர் செட்டிங் பண்ணுவீங்களா, டிஸ்க் பேடு மாத்துவீங்களா, வீல் கோட்டம் எடுப்பீங்களா? கோட்டம் எடுக்குறது நம்ம பக்கம் பழைய ஆளுக எல்லாருக்கும் அத்துபடி, கண்ணாலேயே எடுத்துருவாக. கியரும் டிஸ்கும்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

மூணுக்கும் தலையாட்டுனா நீங்க ராசிக்காரங்க. இல்லன்னா ரெண்டு வழிதான். நீங்களே யூடியூப் பாத்துக் கத்துக்கணும், இல்ல அவரால பாக்க முடிஞ்ச வண்டியை வாங்கணும். ஆயில் பிரேக்குக்குக் காத்து எடுக்குறதுக்காக மதுரைக்கோ திருச்சிக்கோ வண்டியை பஸ் மேல போட்டுக்கிட்டுப் போனவரு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர் இருக்காரு, போக வர ஒரு நாள் சம்பளம் போச்சு.

6. ஃப்ரேமும் ஷாக்கும்

இப்ப காந்தத்தை எடுங்க. ஃப்ரேம்ல வச்சா ஒட்டுனா இரும்பு, ஒட்டலன்னா அலாய். கடைப் பையன் 'அலாய் வண்டிண்ணே'ன்னு சொல்றதுக்கும் காந்தம் சொல்றதுக்கும் சில சமயம் ஒத்துப்போகாது. இரும்பு கெட்டதில்ல, கேரியர்ல கனம் ஏத்துனா தாங்கும், ஒடஞ்சா உள்ளூர் வெல்டிங் பட்டறையில ஒட்டிக்கலாம். ஆனா கனம், அப்புறம் மழைக்காலத்துல கீறல் விழுந்த எடத்துல துரு. அலாயை உள்ளூர்ல ஒட்டுனா நிக்காது, ஒட்டவே கூடாது.

பின் ஷாக்கு இருந்தா அந்த வண்டியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. இந்த வெலைக்கு வர்ற பின் ஷாக்கு வெறும் ஸ்பிரிங்கு, அமுங்குனதைக் கட்டுப்படுத்த உள்ள ஒண்ணும் இல்ல, அதான் ஒவ்வொரு மிதிக்கும் குதிரை மாதிரி ஆடுது. கூடவே ரெண்டு மூணு கிலோ அதிகம், இணைப்புல புஷ்ஷு தேஞ்சா பின் வீலே ஆடும்.

முன் ஷாக்கை இப்படிப் பாருங்க: முன் பிரேக்கை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்க. டொக்கு டொக்குன்னு ஆட்டம் தெரிஞ்சா புதுசுலயே லூசு. அப்புறம் ஹேண்டில்பார் மேல ஒடம்பைச் சாய்ச்சு அமுக்குங்க, அமுங்கி மெதுவா எந்திரிக்கணும், டங்குன்னு துள்ளி எந்திரிச்சா சரளையில அது உங்களையும் தூக்கும். லாக்அவுட் குமிழ் இருந்தா நல்லது, தார் ரோட்டுல பூட்டி வச்சுக்கலாம்.

வேலைக்குப் போற வண்டிங்கிறதால ஃப்ரேம்ல கேரியரும் மட்கார்டும் மாட்டுற ஓட்டை இருக்கான்னு பாருங்க, பின் அச்சுக்குப் பக்கத்துல திருகு போடுற சின்ன ஓட்டை. இல்லன்னா சாப்பாட்டுக் கூடை முதுகுலதான், மே மாச வெயிலுக்கு முதுகுல பை மாட்டி ஓட்டிப் பாருங்க, அப்ப புரியும். பின் கியர் தொங்குற எடத்துல தனியா கழட்டி மாட்டுற ஹேங்கர் இருக்கணும். வண்டி சாஞ்சா அதுதான் மொதல்ல வளையும், தனியா இருந்தா சில நூறு ரூபாயோட போகும், ஃப்ரேமோட ஒண்ணா இருந்தா ஃப்ரேமுக்கே வெனை.

7. பின் சக்கரத்துக்குள்ள இருக்குற ரகசியம்

இந்தப் பகுதியை மட்டும் மெதுவாப் படிங்க. பின்னாடி பல்லுச் சக்கரம் ரெண்டு விதமா வரும், ஃப்ரீவீல், கேசட்டு. வெளியிலேருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். ஃப்ரீவீல்ங்கிறது ஹப்புல மரை போட்டுத் திருகுற மொத்த உருண்டை, பேரிங்கு அதுக்கு உள்பக்கமா தள்ளி இருக்கும், அதனால அச்சோட வலது முனை தாங்கல் இல்லாம நீட்டிக்கிட்டு நிக்கும். கனமான ஆளு, பின்னாடி ஒரு மூட்டை, குழியில ஒரு இறக்கம், அச்சு வளைஞ்சுரும், நாளைக்கு ஒடையும். கேசட்டுல பேரிங்கு ஓரத்துக்கே வந்துரும், அச்சு வளையுறது அபூர்வம்.

கண்டுபுடிக்கிறது எப்படி? வண்டியைத் தூக்கிப் புடிச்சு பெடலைப் பின்னாடி சுத்துங்க. கடைசிச் சின்னப் பல்லுச் சக்கரத்துக்கு உள்ள, டூல் மாட்டுற பல்லு பல்லான வளையம் தெரியும். அந்த வளையமும் பல்லுச் சக்கரத்தோட சேந்து சுத்துனா கேசட்டு. பல்லுச் சக்கரம் மட்டும் சுத்தி வளையம் அசையாம நின்னா ஃப்ரீவீல். பின்னாடி 7 பல்லுச் சக்கரம்னா பெரும்பாலும் ஃப்ரீவீல்தான், 8-லேருந்து கேசட்டு வர ஆரம்பிக்கும், ஆனா 8-லயும் ஃப்ரீவீல் உண்டு, அதனால எண்ணாதீங்க, சுத்திப் பாருங்க.

நீங்க 65 கிலோவுக்குள்ள, கேரியர்ல பெருசா ஏத்தமாட்டீங்கன்னா ஃப்ரீவீலே போதும். 80 கிலோவுக்கு மேலன்னா ரெண்டாயிரம் கூடப் போட்டாவது கேசட்டுக்குப் போங்க, அந்த ரெண்டாயிரத்தை ஷாக்குலயோ டிஸ்குலயோ கொறைச்சுக்கலாம்.

கியர் எண்ணிக்கை பத்தி ரெண்டே வரி. முன்னாடி 3, பின்னாடி 7, ஆக 21-ங்கிறது கணக்குக்குத்தான், பாதி ஒண்ணுக்கொண்ணு அதே அளவு. நம்ம பக்கம் சமதரை, எதிர்க்காத்துதான் மேடு. முன்னாடி ஒரே பல்லுச் சக்கரம் வச்ச வண்டியில செயினும் அவ்வளவாக் கழறாது, ரிப்பேரும் பாதி. ஆனா ஒண்ணு பாத்துக்கங்க: முன்னாடி 34 பல்லு, பின்னாடி கடைசிச் சின்னச் சக்கரத்துல 14 பல்லு, 26 இஞ்சு வீலுன்னா, நிமிஷத்துக்கு 80 சுத்து மிதிச்சா மணிக்கு 24 கிலோமீட்டர் கிட்டதான் வரும். அதுக்கு மேல காலு காத்துலதான் சுத்தும். தேவகோட்டை ரோட்டுல தெனம் வேகமாப் போகணும்னு நெனைக்கிறவுக பின்னாடி 11 இல்லன்னா 12 பல்லு இருக்குறதாப் பாருங்க, அது கேசட்டுலதான் வசதியாக் கெடைக்கும்.

8. பிரேக்கு

வெலை கம்மியில பேரு தெரியாத டிஸ்கை விட பேரு தெரிஞ்ச வி-பிரேக்கு (ரெண்டு பக்கமும் கட்டை ரிம்மைக் கவ்வுற வகை) ஆயிரம் மடங்கு மேல். வி-பிரேக்குக் கட்டை எந்தக் கடையிலயும் கெடைக்கும், அம்பது நூறு ரூபாயில முடியும். அதுல குறை என்னன்னா ஐப்பசி கார்த்திகை மழையில செம்மண் சேறு ரிம்முல அப்பி, கட்டையோட சேந்து ரிம்மையே அரைச்சுரும். மழைக்காலத்துலயும் மண்ணுல ஓட்டுவேன்னு அடம் புடிக்கிறவுக ஒயர் டிஸ்குக்குப் போங்க, பேடு உள்ளூர்ல கெடைக்குதான்னு கேட்டுட்டு, வாங்குறப்பவே ஒரு செட்டு கூட வாங்கி வைங்க.

டிஸ்குல வீட்டுல நடக்குற ஒரு கொடுமையைச் சொல்லியாகணும். பிரேக்கு கீச்சுன்னு கத்துதுன்னு ஒருத்தர் வட்டத் தகட்டுல தேங்காண்ணெய் விட்டாரு. சத்தம் நின்னுச்சு, பிரேக்கும் நின்னுச்சு. ஊருணிப் படித்துறை வரைக்கும் போயிட்டுத்தான் வண்டி நின்னுச்சாம். எண்ணெய் பட்ட பேடைத் தூக்கிப் போடத்தான் வேணும், கழுவுனாப் போகாது. செயினுக்கு எண்ணெய் விடுறப்பவும் டிஸ்கு மேல துணியைப் போட்டு மூடிக்கங்க.

9. வீலு, டயரு, முக்கியமா வால்வு

26, 27.5, 29ன்னு மூணு அளவு. அஞ்சரை அடிக்குக் கீழ 26 இல்லன்னா 27.5, அதுக்கு மேல 27.5 இல்லன்னா 29. ஆனா எங்க ஊர்க் கடைகள்ல 26 டியூபு எப்பவும் தொங்கும், மத்த ரெண்டும் 'நாளைக்கு வாங்க தம்பி'தான். அதனால அந்த ரெண்டுல எதை எடுத்தாலும் டியூபை முன்கூட்டியே வாங்கி வச்சுக்கங்க. ரிம்மு டபுள் வால்னு (ரெட்டைச் சுவர்) கேட்டு வாங்குங்க, சிங்கிள் வால் ரிம்மு ஒரு குழிக்கே கோட்டமாகும்.

டயர்ல பெரிய பெரிய பொத்தான் இருந்தாத்தான் எம்டிபின்னு நெனைக்காதீங்க. தார் ரோட்டுல அது வண்டு மாதிரி ரீங்காரம் போடும், காலு வலிக்கும், ஒரு வருசத்துல நடுவுல மொட்டையாகும். நடுவுல நெருக்கமா சின்னக் கட்டை, ஓரத்துல மட்டும் பெரிய கட்டை, அகலம் 1.95-லேருந்து 2.1, இதுதான் நமக்குத் தோது.

வால்வு. மூணு வகை இருக்கு. சாதா சைக்கிள்ல வர்ற பழைய வால்வு, பைக்குல வர்ற தடி வால்வு, நுனியில சின்னத் திருகு வச்ச ஒல்லி வால்வு. நம்ம எம்டிபிக்குத் தடி வால்வுதான் வேணும், ஏன்னா பெட்ரோல் பங்குல, பஞ்சர் கடையில, எங்கயும் காத்து ஏத்தலாம். ஒல்லி வால்வுக்குப் பித்தளைக் குப்பி ஒண்ணு வாங்கிப் பையில போடணும், அதுவும் தேவைப்படுற நாள்ல காணாமப் போகும். பங்குல ஏத்துறப்ப நீங்களே பக்கத்துல நின்னு மெல்ல மெல்ல ஏத்தச் சொல்லுங்க, மிஷினுக்கு இது சைக்கிள்னு தெரியாது, டமால்னு போயிரும்.

எவ்வளவு காத்து? 70 கிலோ ஆளு, 2.1 டயருன்னா தார் ரோட்டுக்கு 40-லேருந்து 45 பிஎஸ்ஐ, மண்ணுக்கு 30 சொச்சம். டயரு ஓரத்துல அதிகபட்ச அளவு அச்சடிச்சிருக்கும், அதைத் தாண்டாதீங்க. ரொம்பக் கொறச்சாலும் ஆபத்து, கல்லுல ஏறுறப்ப டியூபு ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல நசுங்கி பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும்.

10. கடையில மாட்டிக் குடுக்குறப்ப பக்கத்துலயே நில்லுங்க

வண்டி பெட்டியில பாதி மாட்டுன நெலமையிலதான் வரும், மிச்சத்தைக் கடையில மாட்டுவாங்க. இங்கதான் நல்ல வண்டியும் கெட்டுப் போகும். டீ குடிக்கப் போகாதீங்க.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருத்தன் புது வண்டி வாங்கிட்டு வந்து 'அண்ணே, ஹேண்டில் ஒரு மாதிரி வெட்டுது'ன்னான். பாத்தா முன் ஃபோர்க்கையே (முன் சக்கரத்தைப் புடிச்சிருக்குற கவை) பின்பக்கமாத் திருப்பி மாட்டிக் குடுத்திருக்காங்க, அப்படியே ரெண்டு வாரம் ஓட்டியிருக்கான். டிஸ்க் வண்டின்னா இத ஒரு நொடியில பாக்கலாம்: நீங்க உக்காந்து பாக்குறப்ப முன் டிஸ்கு இடது கைப்பக்கம் இருக்கணும், வலதுல இருந்தா ஃபோர்க்கு திரும்பியிருக்கு. வி-பிரேக்குன்னா பிரேக்குக் கை ஃபோர்க்குக்கு முன்பக்கம் இருக்கணும்.

அடுத்தது பெடலு. இடது பெடலுக்கு மரை தலைகீழ். தெரியாத பையன் வலது மாதிரியே திருப்பி, ஏறலன்னு ஸ்பானர் போட்டு அழுத்துனா கிராங்கு (பெடல் மாட்டுற கை) மரை அழிஞ்சு போச்சு. ரெண்டு பெடலையும் கொஞ்சம் கிரீஸ் தடவி, மொதல்ல வெறும் வெரலால, முன் வீலு பக்கமாத் திருப்பி ஏத்தணும், கடைசியா மட்டும் ஸ்பானர்.

அப்புறம் வீலைச் சுத்தி விட்டு பிரேக்குக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள எடைவெளியைக் கண்ணால பாருங்க, எடைவெளி கூடிக் கொறஞ்சா கோட்டம், அங்கயே எடுக்கச் சொல்லுங்க. வீலை ரெண்டு பக்கமும் புடிச்சு ஆட்டுங்க, ஆட்டம் இருந்தா கோன் (அச்சுல பேரிங்கை அமுக்கிப் புடிக்கிற திருகு) லூசு. சீட்டுல உக்காந்து குதிகாலை கீழ இருக்குற பெடல்ல வச்சா முட்டி நேரா நீளணும், அதான் சீட்டு உயரம், ஆனா சீட்டுக் கம்பியில இருக்குற எல்லைக்கோடு வெளிய தெரியக் கூடாது.

ஓட்டிப் பாக்குறப்ப தெருமுனை வரைக்கும் போயிட்டு வராதீங்க, பத்து நிமிஷமாவது ஓட்டுங்க, எல்லாக் கியரையும் ஒரு தடவை ஏத்தி எறக்குங்க, ரெண்டு பிரேக்கையும் தனித்தனியாப் புடிங்க.

11. மொத 150 கிலோமீட்டர்

புது வண்டியில ஒயரு இழுபடும், ஸ்போக்ஸ் கம்பி உக்காரும், அதனால பிரேக்கு தொளதொளக்கும், கியரு தாவும். இது வண்டி கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல. 150 கிலோமீட்டர் ஓடுனதும் கடைக்குக் கொண்டுபோய் ஒயர், கோட்டம், கிராங்கு போல்ட்டு மூணையும் இறுக்கிக்கங்க. கிராங்கு போல்ட்டு லூசாவே ஓட்டுனா உள்ள சதுர ஓட்டை உருண்டை ஆயிரும், அப்புறம் எம்புட்டு இறுக்குனாலும் நிக்காது, கிராங்கே மாத்தணும்.

செயினுக்குப் பழைய எஞ்சின் ஆயில் ஊத்தாதீங்க. செம்மண் தூசியும் அந்த ஆயிலும் கலந்தா உப்புத்தாள் மாதிரி, பல்லை அறுத்துரும். செயின் லூபு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, பெடலைப் பின்னாடி சுத்தி, பத்து நிமிஷம் கழிச்சு வெளியில இருக்குறதெல்லாம் பழைய துணியால தொடச்சிரணும். கையில ஒட்டக் கூடாது, அதான் கணக்கு.

ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேலை வச்சு செயினை அளங்க. ஒரு பின்னோட நடுவுலேருந்து 24 கண்ணி தள்ளி இருக்குற பின் வரைக்கும் சரியா 12 இஞ்சு இருக்கணும். 1/16 இஞ்சு கூடுனா செயினை மாத்துங்க. சோம்பேறித்தனமா 1/8 வரைக்கும் விட்டா பல்லும் சேந்து தேஞ்சுரும், நானூறு ரூபாயில முடிய வேண்டியது ரெண்டாயிரமாகும்.

12. கருவ முள்ளு

நம்ம பக்கத்துக்கே உரிய எதிரி. கண்மாய்க்குள்ள, கரையில, ரோட்டோரம், எங்க பாத்தாலும் சீமக்கருவை, வெட்டிப் போட்ட மெலாருலேருந்து முள்ளு ரோட்டுக்கே வந்து கெடக்கும். மாசத்துக்கு மூணு பஞ்சர் ஆன நாளெல்லாம் எனக்கு உண்டு.

மொதத் தற்காப்பு, டயருக்கும் டியூபுக்கும் நடுவுல லைனர் பட்டை. அது இல்லன்னா பழைய டியூபை நீளமா வெட்டி உள்ள வைப்பாங்க, எங்க ஊர் மெக்கானிக் அதைத்தான் செய்வாரு, கொஞ்சம் கனம் கூடும், ஆனா ஒழைக்கும். ரெண்டாவது, டியூபுக்குள்ள சீலன்ட் தண்ணி. சின்ன முள்ளு ஓட்டையை அதுவே அடைச்சுரும், ஆனா நம்ம வெயில்ல சீக்கிரம் காஞ்சு போகும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா ஊத்திப் பாக்கணும்.

பஞ்சர் ஆனா புதுசா ஓட்டுறவுக பண்ற தப்பு, டியூபை மட்டும் மாத்திட்டுக் கெளம்புறது. முள்ளு டயருக்குள்ளயே இருக்கும், அரைக் கிலோமீட்டர்ல அடுத்த பஞ்சர். டயரோட உள்பக்கத்துல பஞ்சு இல்லன்னா பழைய பனியன் துணியைச் சுத்தி ஒரு ரவுண்டு தடவுங்க, முள்ளு இருக்குற எடத்துல துணி மாட்டி இழுக்கும். வெரலால தடவாதீங்க, கருவ முள்ளு வெரல்ல ஏறுனா ரெண்டு நாளைக்குக் கடுக்கும். முள்ளை வெளிய இழுக்குறப்ப நுனி ஒடைஞ்சு உள்ள தங்கும், அதனால உள்பக்கத்துலேருந்து ஒரு ஆணியால வெளிய குத்தித் தள்ளிட்டு, மறுபடியும் துணியால தடவிப் பாத்துட்டுத்தான் டியூபைப் போடணும். டியூபைப் போடுறதுக்கு முன்னாடி கொஞ்சமாக் காத்து ஏத்திக்கங்க, வளையமா நிக்கும், டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல கடிபடாது.

13. பழைய வண்டி வாங்குறதா இருந்தா

காலேஜ் முடிச்சுட்டு ஊருக்குப் போற பிள்ளைங்க நல்ல வண்டியைப் பாதி வெலைக்குக் குடுத்துட்டுப் போவாங்க, படிப்பு முடியுற மே, ஜூன் மாசத்துல காரைக்குடியில விசாரிச்சுப் பாருங்க. மேல சொன்ன கால் அளவு, காந்தம், பின் வீல் சோதனை எல்லாம் இதுக்கும் பொருந்தும். கூட ரெண்டு விஷயம். ஹேண்டில்பார் தண்டுக்குக் கீழ, மேல்பாரும் கீழ்பாரும் சேர்ற எடத்துல, ஈரத்துணியால தொடச்சுட்டு வெயில்ல வச்சுப் பாருங்க, பெயின்ட் மயிரிழை மாதிரி வெடிச்சிருந்தா வண்டி எங்கயோ மோதியிருக்கு, எத்தனை ரூபாய்க்குக் குடுத்தாலும் வேணாம். அப்புறம் ஸ்கேலை வச்சு செயினை அளங்க, 12 இஞ்சுக்கு மேல 1/8 இருந்தா செயின், பின் பல்லு ரெண்டோட வெலையையும் கழிச்சுட்டுத்தான் பேரம் பேசணும். பில்லு இல்லன்னா ஃப்ரேம் அடியில இருக்குற நம்பரை ஃபோட்டோ எடுத்து, விக்கிறவர்ட்ட ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கிக்கங்க, திருட்டு வண்டின்னு நாளைக்கு ஸ்டேஷன் படி ஏற வேண்டாம்.